டிரம்மில் எழுதியிருந்த சொல்

சனிக்கிழமை பள்ளிக்கூடம் விடுமுறை. சாயிரா மதியச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு அப்பாவின் பட்டறைக்குப் போனாள். மாரண்டஹள்ளியில் பாலக்கோடு ரோட்டை ஒட்டி, தகரக் கூரை போட்ட வெல்டிங் பட்டறை அது. ஜன்னல் கிரில், மாட்டுக் கொட்டகைத் தூண், டிராக்டர் டிரெய்லருக்கு ஒட்டு என்று பக்ருதீனுக்கு வேலை ஓயாது. மகள் எம்.ஏ. ஆங்கிலம் முடித்து, பி.எட். முடித்து, ஊருக்குள்ளேயே ஒரு தனியார் பள்ளியில் டீச்சராக இருப்பதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. பட்டறைக்கு யார் வந்தாலும் பேச்சு எப்படியாவது அங்கே போய் நின்றுவிடும்.

அவள் போனபோது பட்டறை வாசலில் ஒரு பெரிய இரும்பு டிரம் நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் தக்காளி விவசாயி அர்ச்சுனன், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி நின்றிருந்தார்.

"பாய், இத நெட்டுக்குத்தா ரெண்டா வெட்டிக் குடுத்துடுங்க. மாட்டுக்குத் தண்ணி காட்ட ரெண்டு தொட்டி ஆயிடும். டெம்போக்காரன் சந்தைக்குப் போயிருக்கான். வரப்ப ஏத்திக்கிட்டுப் போயிடறேன்."

பக்ருதீன் டிரம்மைக் காலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். காலி டிரம்தான். மேல்மூடி இறுக்கமாக முடுக்கியிருந்தது.

"உள்ள என்ன இருந்துச்சுன்னு கேட்டீங்களா?"

"இரும்புக்கடை மாதுகிட்டதான் வாங்குனேன். அவனுக்கே தெரியாதுங்கறான். ஒசூரு கம்பெனிங்கள்லருந்து லோடா வந்ததாம்."

"எரியற சரக்கா இருந்தா, காலியானாலும் உள்ள ஆவி நிக்கும். அப்படியே வெட்ட முடியாதுங்க. வாய் வரைக்கும் தண்ணி ரொப்பித்தான் மெஷின் வெக்கணும். இன்னைக்குத் தண்ணி வரல. நாளைக்குத்தான் ஆவும்."

அர்ச்சுனனின் முகம் சுருங்கியது. "நாளைக்கு மறுபடி வண்டி புடிச்சு வரணும் பாய். அதுல என்னமோ எழுதியிருக்குது பாருங்க, சிவப்புல. உங்க பொண்ணு வந்திருக்குதே, படிக்கச் சொல்லுங்க."

சாயிரா தூக்கைக் கீழே வைத்துவிட்டு டிரம்மைச் சுற்றி வந்தாள். கம்பெனிப் பெயர் இருந்த காகிதம் கிழிந்து போயிருந்தது. அதற்குக் கீழே சிவப்பு வண்ணத்தில், ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல் இருந்தது. பக்கத்தில் இருந்த படம் பாதி உரிந்து, என்ன படம் என்றே தெரியவில்லை.

"இன்ஃப்ளேமபிள்" என்று படித்தாள்.

"அப்படின்னா?"

அவள் யோசிக்கக்கூட இல்லை. அந்த வாரம் முழுவதும் எட்டாம் வகுப்புக்கு அதைத்தான் நடத்தியிருந்தாள். கம்ப்ளீட் என்றால் முழுமை, முன்னால் 'இன்' போட்டால் முழுமையில்லாதது. விசிபிள் என்றால் கண்ணுக்குத் தெரிவது, 'இன்' போட்டால் தெரியாதது. ஃப்ளேம் என்றால் தீ.

"தீப்பிடிக்காதுன்னு போட்டிருக்குப்பா."

"நல்லாப் பாத்தியாம்மா? லேசா ஒரு வாடை வருது."

"கழுவாம வெச்சிருப்பாங்க. எழுத்து தெளிவா இருக்குப்பா. 'இன்' வந்தாலே எதிர்ச்சொல்தான்."

அர்ச்சுனன் சிரித்தார். "டீச்சரே சொல்லிட்டாங்க பாய். அப்புறம் என்ன?"

பக்ருதீனும் சிரித்தார். டிரம்மைப் படுக்க வைத்து இரண்டு பக்கமும் செங்கல் முட்டுக் கொடுத்தார். உருளாமல் இருக்க அர்ச்சுனன் ஒரு காலை அதன்மேல் வைத்துக்கொண்டார். சாயிரா, "சாப்பாடு ஆறிடும்பா, சீக்கிரம் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அவள் கைபேசி கையிலேயேதான் இருந்தது. நடந்துகொண்டே தோழிக்கு என்னவோ பதில் அனுப்பிக்கொண்டிருந்தாள்.

மளிகைக் கடையைத் தாண்டியிருப்பாள். முதுகில் யாரோ பலகையால் அறைந்தது போலிருந்தது. அதற்குப் பிறகுதான் சத்தம் கேட்டது. கரண்டுக் கம்பிகளில் உட்கார்ந்திருந்த காக்கைகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பின. டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துவிட்டது என்று யாரோ கத்தினார்கள். சாயிரா திரும்பிப் பார்த்தாள். பட்டறையின் தகரக் கூரையில் பெரிய ஓட்டை விழுந்து, அது வழியாகக் கரும்புகை மேலே போய்க்கொண்டிருந்தது.

எப்படி ஓடினாள் என்று அவளுக்குத் தெரியாது. செருப்பு இரண்டும் ரோட்டிலேயே கிடந்ததைப் பிறகு யாரோ எடுத்து வந்து கொடுத்தார்கள்.

டிரம் வாய் பிளந்து சுவரோரம் கிடந்தது. பக்ருதீன் ஷட்டர் பக்கத்தில் மல்லாந்து கிடந்தார். இரண்டு கைகளும் முழங்கை வரைக்கும் வெந்து போயிருந்தன. முகத்தின் இடப்பக்கம் கருகியிருந்தது. வெல்டிங்குக்குப் போடும் கண்ணாடி உடைந்து கன்னத்தில் ஒட்டியிருந்தது. அவர் கத்தவில்லை. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. கத்தியது அர்ச்சுனன்தான். தெறித்துப் போன மூடி அவருடைய வலது முழங்காலுக்குக் கீழே அடித்திருந்தது. கால் இருக்கவேண்டிய திசையில் இல்லை.

"அப்பா… அப்பா…"

பக்ருதீனின் ஒரு கண் அவளைப் பார்த்தது. "எரியாதுன்னியேம்மா" என்றார். குறை சொல்வது போல அல்ல. நிஜமாகவே புரியாமல் கேட்பது போல.

பாலக்கோட்டிலிருந்து ஆம்புலன்ஸ் வந்தது. காயம்பட்ட இருவரையும் பின்னால் ஏற்றினார்கள். சாயிராவின் அம்மா ரோஷன் பீ முக்காடு நழுவியது கூடத் தெரியாமல் ஓடி வந்து கணவன் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். சாயிராவுக்கு டிரைவருக்குப் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. பின்னாலிருந்து அர்ச்சுனன் முனகுவதும், அம்மா "யா அல்லா, யா அல்லா" என்று விடாமல் சொல்வதும் கேட்டுக்கொண்டே இருந்தன.

சாயிராவின் மனதில் ஒரே ஒரு எண்ணம்தான் ஓடியது. எவனோ பொய்யாக எழுதி வைத்திருக்கிறான். எரியும் சரக்கை அடைத்துவிட்டு, எரியாது என்று வெளியே எழுதியிருக்கிறான். அவனைச் சும்மா விடக் கூடாது.

பாலக்கோடு தாண்டி ஒரு சின்னப் பாலத்தருகே, முன்னால் ஒரு டேங்கர் லாரி போய்க்கொண்டிருந்தது. டிரைவர் சைரனைப் போட்டுக்கொண்டே அதன் பின்னால் ஒட்டியபடி ஓட்டினார். பாலத்தில் ஒதுங்க இடமில்லை. டேங்கரின் வட்டமான பின்பக்கம் கண்ணாடி முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றது. அதில் சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தது.

ஹைலி இன்ஃப்ளேமபிள்.

அதற்குக் கீழே, சின்ன எழுத்தில், தமிழில்: எளிதில் தீப்பற்றக்கூடியது.

சாயிரா மேலே படித்தாள். கீழே படித்தாள். மறுபடி மேலே படித்தாள். இந்த மாதிரி டேங்கர்களை அவள் கல்லூரிக்குப் போன காலம் முழுவதும் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள். நாள் தவறாமல் பார்த்திருக்கிறாள். அந்த எழுத்தை அவள் ஒருநாளும் ஒரு சொல்லாகப் படித்ததில்லை. அது டேங்கரின் நிறம் மாதிரி, சக்கரம் மாதிரி, அங்கே இருக்கும் ஒன்று. அவ்வளவுதான்.

"என்னம்மா, மயக்கம் வருதா?" என்றார் டிரைவர். "தண்ணி குடிங்க. அப்பாவுக்கு ஒன்னும் ஆவாது."

பாலம் முடிந்ததும் டேங்கர் ஒதுங்கி வழிவிட்டது. அந்த எழுத்துகள் அவளுக்குப் பக்கத்திலேயே, கை நீட்டினால் தொடும் தூரத்தில் கடந்து போயின.

தருமபுரி பெரியாஸ்பத்திரியில் பக்ருதீனைத் தீக்காயப் பிரிவுக்கும், அர்ச்சுனனை எலும்பு வார்டுக்கும் கொண்டு போனார்கள். மறுநாள் காலையில் கண் டாக்டர் வந்து பார்த்தார். வெளியே வந்து ரோஷன் பீயிடமும் சாயிராவிடமும் பேசினார்.

"உயிருக்குப் பயமில்ல. கை ஆறிடும். இடது கண்ணுதான் கொஞ்சம் கஷ்டம். உள்ள இன்ஃப்ளமேஷன் ஜாஸ்தியா இருக்கு."

சாயிரா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "என்ன சொன்னீங்க டாக்டர்?"

"இன்ஃப்ளமேஷன். உள்ள வெந்து வீங்கிப் போயிருக்கு. ஏம்மா?"

"ஒன்னுமில்லீங்க."

டாக்டர் போனபின் அவள் படிக்கட்டில் போய் உட்கார்ந்து கைபேசியை எடுத்தாள். முந்தின நாள் செய்திருக்கவேண்டியதை இப்போது செய்தாள். அகராதியில் அந்தச் சொல்லைத் தேடினாள்.

லத்தீனில் தீ மூட்டுவதற்கு ஒரு சொல் உண்டாம், இன்ஃப்ளம்மாரே. அதிலிருந்து வந்ததாம். அதில் இருக்கும் 'இன்' இல்லை என்று சொல்லும் 'இன்' அல்ல. உள்ளே என்று சொல்லும் 'இன்'. தீயை உள்ளே வாங்குவது, தீ மூளக்கூடியது. காயம் உள்ளுக்குள் எரிந்து வீங்குவதற்கும் அதே சொல்தான் வேர். ஃப்ளேமபிள் என்றாலும் தீப்பிடிப்பது, இன்ஃப்ளேமபிள் என்றாலும் தீப்பிடிப்பது. இரண்டுக்கும் ஒரே அர்த்தம். எரியாதது என்று சொல்ல வேண்டுமானால் நான்-ஃப்ளேமபிள் என்று எழுத வேண்டும். படிக்கிறவர்கள் 'இன்'னைப் பார்த்து ஏமாந்துவிடுவார்கள் என்ற பயத்தில், பல நாடுகளில் எச்சரிக்கைப் பலகைகளிலிருந்து அந்த 'இன்'னையே எடுத்துவிட்டார்களாம்.

ஏமாந்துவிடுவார்கள் என்று முன்பே தெரிந்திருக்கிறது. எங்கோ யாரோ உட்கார்ந்து யோசித்து, இதை இப்படி எழுதினால் ஆள் சாவான் என்று சொல்லியிருக்கிறார்கள். எம்.ஏ. வரைக்கும் படித்த அவளிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. இல்லை, அவள் கேட்கவில்லை. பார்க்க ஒரு நிமிடம் கூட ஆகியிருக்காது. கைபேசி கையில்தான் இருந்தது.

அவள் கைபேசியை அணைத்தாள். படிக்கட்டை விட்டு எழுந்து வார்டுக்குத் திரும்பினாள்.

அன்றைக்கே போலீஸ் ஏட்டு ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அர்ச்சுனனிடம் விசாரித்துவிட்டு நேராகச் சாயிராவிடம் வந்தார்.

"நீங்கதான் டீச்சருங்களா? டிரம்முல தீப்பிடிக்காதுன்னு எழுதியிருந்துச்சுன்னு அர்ச்சுனன் சொல்றாரு. நீங்கதான் படிச்சீங்களாம். டிரம்முல இப்ப எழுத்து ஒன்னும் இல்ல, பெயிண்ட் முழுக்கக் கருகிப் போச்சு. நீங்க சாட்சி சொன்னாப் போதும். ஏமாத்தி வித்தவன உள்ள தூக்கிப் போட்டுடலாம்."

"நான்… அப்பாவ விட்டுட்டு வர முடியாதுங்க இப்ப."

"நாளைக்கு வாங்க, அவசரமில்ல. ஆள ஏற்கெனவே கூட்டியாந்தாச்சு."

"யார?"

"மாதுவதான். பழைய இரும்புக்கடைக்காரன். ஒன்னும் தெரியாதுன்னு சாதிக்கறான். தெரிய வெச்சிடலாம்."

அவர் போய்விட்டார். சாயிரா அங்கேயே நின்றாள். மாது. அந்த ஆளை அவள் பார்த்ததுகூட இல்லை. அவனுடைய டிரம்மில் உண்மைதான் எழுதியிருந்தது. பெரிய எழுத்தில், சிவப்பில், எல்லோரும் பார்க்கும்படி எழுதியிருந்தது.

அம்மாவிடம் சொன்னாள். ரோஷன் பீ முதலில் புரியாமல் பார்த்தாள். புரிந்ததும் மகளின் வாயைக் கையால் பொத்தினாள்.

"சத்தமாப் பேசாத. யார்கிட்டயும் சொல்லாத. கேட்டியா? பள்ளிக்கூடத்துல வெச்சிருப்பாங்களா உன்ன? அர்ச்சுனன் வூட்டுக்காரங்க சும்மா இருப்பாங்களா? உங்கப்பா இப்படிக் கெடக்கறாரு. நீயும் போயி ஸ்டேஷன்ல நின்னா நான் என்ன பண்ணுவேன்?"

"அந்த மாதுவ அடிப்பாங்கம்மா."

"அவன் ஆம்பள. தாங்கிக்குவான்." சொல்லிவிட்டு ரோஷன் பீயே தன் வார்த்தைக்கு அதிர்ந்து போனாள். முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

பக்ருதீன் விழித்திருந்தார். கைகள் இரண்டும் கட்டுப்போட்டு இரண்டு மூட்டைகள் போலக் கிடந்தன. சாயிரா கட்டிலருகே குனிந்தாள்.

"அப்பா, அந்த வார்த்தைக்கு அர்த்தம் தீப்பிடிக்காதுன்னு இல்ல. தீப்பிடிக்கும்னு. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

"'இன்'னு வந்தா இல்லைன்னு அர்த்தம்னியே?"

"அது வேற 'இன்'பா. இதுல உள்ளேன்னு அர்த்தம்."

"ஒரே மாதிரிதான் எழுதுவாங்களா ரெண்டையும்?"

"ஆமாப்பா."

அவருடைய நல்ல கண் மேலே மின்விசிறியைப் பார்த்தபடி இருந்தது. "உங்கிட்ட போன் இருந்துச்சே" என்றார்.

அவ்வளவுதான். அதற்குமேல் அவர் திட்டவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். சாயிரா நின்றுகொண்டே இருந்தாள். மாதுவைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று சுவர்ப்பக்கம் திரும்பியிருந்த தலையைப் பார்த்தே சொன்னாள். நர்ஸ் வந்து மருந்து போட்டுவிட்டுப் போனாள். சாயங்காலம் வரைக்கும் அவர் மகளோடு பேசவில்லை. பிறகு, திரும்பாமலே கேட்டார்.

"ஸ்டேஷன் எத்தன மணி வரைக்கும் இருக்கும்?"

"எப்பவும் இருக்கும்பா."

"அப்பப் போயிட்டு வா. மாது எங்கிட்ட எத்தனையோ வாட்டி இரும்பு போட்டிருக்கான். எடையில ஒருநாளும் ஏமாத்துனதில்ல."

ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் தேவிப்பிரியா மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். எதிரே பெஞ்சில் அர்ச்சுனனின் மனைவி அமுதவல்லி, புகார் கொடுக்க வந்தவள். மூலையில், தரையில், சட்டைப் பட்டன் அறுந்துபோன நிலையில் ஒரு ஆள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உதடு வீங்கியிருந்தது. அதுதான் மாது என்று யாரும் சொல்லாமலே சாயிராவுக்குத் தெரிந்தது.

"வாங்க டீச்சர், உக்காருங்க. என்ன எழுதியிருந்துச்சுன்னு சொல்லுங்க, எழுதிக்கலாம்."

சாயிரா உட்காரவில்லை. "இன்ஃப்ளேமபிள்னு எழுதியிருந்துச்சுங்க மேடம். தீப்பிடிக்கும்னு அர்த்தம். நான் தீப்பிடிக்காதுன்னு தப்பாப் படிச்சுச் சொல்லிட்டேன். அவரு மேல எந்தத் தப்பும் இல்லீங்க."

எழுதப் போன ஏட்டின் பேனா நின்றது.

"மறுபடி சொல்லுங்க" என்றார் தேவிப்பிரியா.

மறுபடி சொன்னாள். லத்தீனைச் சொன்னாள், இரண்டு 'இன்'னையும் சொன்னாள், டேங்கர் லாரியைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது நம்ப முடியாத கதை மாதிரி இருந்தது.

தேவிப்பிரியா ஏட்டைப் பார்த்தார். "உங்களுக்கு என்னங்க தோணுது அந்த வார்த்தைக்கு?"

"தீப்பிடிக்காது மேடம்" என்றார் ஏட்டு, தயங்காமல்.

தேவிப்பிரியா தன் கைபேசியில் தேடிப் படித்தார். படித்து முடித்தும் அதை உடனே கீழே வைக்கவில்லை.

அமுதவல்லி எழுந்து வந்தாள். "என்ன சொல்லுது இந்தப் பொண்ணு? அப்ப அந்த டிரம்முல சரியாத்தான் எழுதியிருந்துச்சா?"

"ஆமாங்கக்கா."

"நீ படிச்சதுதான் தப்பா?"

"ஆமாங்கக்கா."

"அவரு உன்ன நம்பித்தானே அதும்மேல கால வெச்சிக்கிட்டு நின்னாரு?" அமுதவல்லியின் குரல் உடைந்தது. "டீச்சரம்மா சொல்லிட்டாங்கன்னு எங்கிட்ட ஆஸ்பத்திரியில கூட அதத்தான் சொல்லிக்கிட்டிருந்தாரு. கால எடுக்கணுமா வேணாமான்னு டாக்டருங்க பேசிக்கிட்டிருக்காங்க. நீ 'இன்'னு 'உன்'னுங்கற!"

அடித்துவிடுவாள் போலக் கை ஓங்கியது. சாயிரா விலகவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பின்னால் நினைத்துக்கொண்டாள். அமுதவல்லியின் கை அப்படியே தணிந்து, முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டது.

மூலையிலிருந்து மாது எழுந்து நின்றான். அவன் முகத்தில் நிம்மதியைத் தேடினாள் சாயிரா. அங்கே இருந்தது வேறொன்று. வெளிறிப்போயிருந்தான்.

"டீச்சரம்மா, அந்தச் சிவப்பு எழுத்து எரியற சரக்குக்கா போடுவாங்க?"

"ஆமாங்க."

"எனக்கு அது தெரியாதுங்க. சத்தியமாத் தெரியாது. டிரம்மு தகடு கனமா இருக்கான்னுதான் பாப்பேன். அந்த லோடுல அதே மாதிரி எழுத்து போட்ட டிரம்மு இன்னும் நாலு இருந்துச்சுங்க. எல்லாத்தையும் வித்துட்டேன்."

தேவிப்பிரியா எழுந்துவிட்டார். "யாருக்கு?"

"எல்லாம் இந்தப் பக்கத்து ஆளுங்கதான். முகம் தெரியும், அவங்க காடு கழனி தெரியும்."

மறுநாள் விடிந்ததும் கிளம்பினார்கள். மாதுவின் சின்ன லோடு வண்டியில் அவன் பக்கத்தில் சாயிரா. முன்னால் ஒரு கான்ஸ்டபிள் பைக்கில். கிளம்பும்போது ஸ்டேஷன் வாசலில் அமுதவல்லி வந்து நின்றாள். முந்தின நாள் உடுத்தியிருந்த அதே சேலை.

"நானும் வரேன். எங்கூட்டுக்காரர் காலச் சொன்னாத்தான் காட்டுல இருக்கறவங்களுக்கு உறைக்கும். நீ போயி லத்தீனு சொன்னா எவன் கேப்பான்?"

சாயிரா நகர்ந்து இடம் கொடுத்தாள். வழி முழுவதும் இருவரின் தோள் மட்டும் உரசிக்கொண்டே இருந்தது.

முதல் டிரம் ஒரு தக்காளித் தோட்டத்தில் மருந்து கலக்கத் தண்ணீரோடு நின்றது. இரண்டாவதில் ஒரு வீட்டுக்காரர் மேல்பக்கத்தை உளியால் பெயர்த்து எடுத்துத் தவிடு கொட்டி வைத்திருந்தார். உளி பட்ட இடத்தைப் பார்த்துக் கான்ஸ்டபிள் தலையில் கைவைத்துக்கொண்டார். மூன்றாவது டிரம் மூடி திறக்காமல் மாட்டுக் கொட்டகையோரம் கிடந்தது. அதன்மேல் உட்கார்ந்து ஒருவர் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். அமுதவல்லி போட்ட கூச்சலில் அவர் பீடியை விழுங்காத குறை.

"எறங்குய்யா கீழ! எறங்குன்னா எறங்கு!"

நாலாவது டிரம்மை வாங்கியவர் பச்சியப்பன். பஞ்சப்பள்ளி போகும் வழியில், கன்னடம் பேசுகிறவர்கள் பாதிக்குமேல் இருக்கும் ஒரு சின்ன ஊரில் அவருடைய காடு. வண்டி போகும் பாதை கேழ்வரகுக் கொல்லையோடு முடிந்துவிட்டது. இறங்கியதுமே சாயிராவுக்கு அந்தச் சத்தம் கேட்டது. இரும்பை அறுக்கும் சத்தம். பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த சத்தம்.

கொல்லைக்கு அந்தப்புறம், கிணற்று மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் ஒருவர் குனிந்திருந்தார். அவர் கையிலிருந்து நெருப்புப்பொறி நீளமாகச் சிதறிக்கொண்டிருந்தது.

சாயிரா ஓடினாள். "நிறுத்துங்க! நிறுத்துங்க!" மெஷின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. பின்னால் மாது கன்னடத்தில் கத்திக்கொண்டு வந்தான். கேழ்வரகுத் தாள் காலைக் கிழித்தது. இதோ வெடிக்கப் போகிறது, இதோ வெடிக்கப் போகிறது என்று ஒவ்வொரு அடிக்கும் உடம்பு சுருங்கியது. ஆனாலும் கால்கள் டிரம்மை நோக்கித்தான் ஓடின. மோட்டார் ரூமுக்குள்ளிருந்து வந்த ஒயரைப் பார்த்ததும் அதைப் பிடித்து முழு பலத்தோடு இழுத்தாள். பிளக் கழன்று வந்து அவள் காலடியில் விழுந்தது. மெஷின் முனகி நின்றது.

பச்சியப்பன் நிமிர்ந்து பார்த்தார். அறுபதை ஒட்டிய வயது. முகமெல்லாம் இரும்புத்தூள். "யாரும்மா நீ? என்ன பண்ற?"

சாயிராவுக்கு மூச்சு வாங்கியது. அவர் முன்னால் டிரம் இரண்டாகப் பிளந்து கிடந்தது. வேலை முடிந்துவிட்டிருந்தது. ஓரத்தில் கைகிழிக்கும் பிசிறைத்தான் அவர் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"வெட்டிட்டீங்களா?"

"நேத்தே வெட்டிட்டேன். ஏன்?"

"மூடியத் தொறந்து வெச்சிருந்தீங்களா? தண்ணி ரொப்புனீங்களா?"

"தண்ணிக்கு எங்கம்மா போறது? வாங்குனப்பவே மூடி தொலஞ்சிருந்துச்சு. வெயில்ல கெடந்துச்சு, எடுத்து வெட்டுனேன். ஒன்னும் ஆவலியே."

ஒன்றும் ஆகவில்லை. சாயிரா அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். மூடி தொலைந்த ஒரு டிரம், உள்ளிருந்த ஆவியெல்லாம் வெயிலில் போய்விட்டிருக்கும். மூடி தொலையாத ஒரு டிரம். ஒரே லோடு, ஒரே சொல்.

பின்னால் வந்து சேர்ந்த அமுதவல்லி பிளந்து கிடந்த டிரம்மைப் பார்த்தாள். பச்சியப்பனின் இரண்டு கால்களையும் பார்த்தாள். பிறகு சாயிராவின் பக்கத்தில் அவளும் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னம்மா ஆச்சு உங்களுக்கு? இதுல அப்படி என்ன எழுதியிருக்குது?" என்றார் பச்சியப்பன்.

சாயிரா எட்டி, ஒரு பாதியில் இருந்த சிவப்பு எழுத்துகளின் மேல் விரல் வைத்தாள். எழுத்து எழுத்தாகப் படித்தாள். "தீப்பிடிக்கும்னு எழுதியிருக்குங்க. பொறி பட்டா வெடிக்கும்னு." அமுதவல்லி அர்ச்சுனனின் காலைப் பற்றிச் சொன்னாள். பட்டறைக் கூரை பிய்ந்து போனதைப் பற்றி மாது சொன்னான்.

பச்சியப்பன் கேட்டுக்கொண்டே நின்றார். நேற்று வெட்டியபோது தன் பெண்டாட்டி டிரம்மைப் பிடித்துக்கொண்டு நின்ற பக்கத்தைத் திரும்பிப் பார்த்தார். மெஷினைக் கீழே வைக்கப் பார்த்தார். விரல்கள் பிரியவில்லை. மாதுதான் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தான்.

பக்ருதீனின் இடது கண் திரும்பவில்லை. கைகள் ஆறின. பட்டறைக்குப் புதுத் தகரம் போட்டார்கள். மகளோடு பழையபடி பேசுகிறார். வந்தவர்களிடம் மகளின் படிப்பைப் பற்றிச் சொல்வதை மட்டும் விட்டுவிட்டார். அதை அவர் விட்டது யாருக்கும் தெரியாது, சாயிராவைத் தவிர. பள்ளிக்கூடத்தில் தாளாளர் அவளைக் கூப்பிட்டு விசாரித்தார். வேலையை விட்டு எடுக்கவில்லை. எட்டாம் வகுப்பை வேறு டீச்சருக்குக் கொடுத்துவிட்டு, சின்ன வகுப்பு ஒன்றை அவளுக்குக் கொடுத்தார். மாதுவின் மேல் எழுதிய புகாரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

அர்ச்சுனனின் காலை எடுக்க வேண்டியிருக்கவில்லை. கம்பி வைத்துக் கட்டினார்கள். பல மாதங்கள் கழித்து பாலக்கோடு தக்காளி மண்டியில் சாயிரா அவரைப் பார்த்தாள். பெட்டிகளுக்கு நடுவே கைத்தடி ஊன்றி நின்றிருந்தார். பக்கத்தில் அமுதவல்லி. அவள் சாயிராவைப் பார்த்ததும், "வா பாப்பா, அப்பா எப்படி இருக்காரு?" என்றாள்.

"இருக்காருங்கக்கா." சாயிரா அர்ச்சுனனைப் பார்த்தாள். "அண்ணா…"

அர்ச்சுனன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கோபமாக இல்லை. ஆனால் அந்தப் பழைய சிரிப்பும் இல்லை.

"இவ பேசுவா. பேசட்டும்" என்றார். "நான் பேசறதுக்கு இன்னும் கொஞ்ச நாளாவும் டீச்சர். தப்பா எடுத்துக்காதீங்க."

"சரிங்கண்ணா."

ஏலக்காரன் அவருடைய பெட்டிகளுக்கு வந்துவிட்டான். அர்ச்சுனன் தடியை ஊன்றி, காலை இழுத்து இழுத்து, அந்தப் பக்கம் நடந்தார். வழியில் கிடந்த நசுங்கிய தக்காளியில் தடி வழுக்கியது. சாயிராவின் கை தானாக நீண்டது. அவர் அதைப் பிடிக்கவில்லை. ஒரு பெட்டியைப் பிடித்துச் சமாளித்து நின்று, மேலே நடந்தார்.